உள்ளங்கையில் ஒரு சொட்டு

நான் ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம், நான் வேலை செய்த தொழிற்பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தாள். என் இடத்துக்கு வந்திருப்பவள். இந்த மொழிபெயர்ப்பு வேலையையே பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். நிறுவனத்துக்கு ‘உள்வாங்கல் திட்டம்’ என்று ஒன்று எழுதுகிறார்களாம். தொடக்க காலத்தில் தமிழ் ஆட்களை எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள், வெற்றிகள் என்ன, சவால்கள் என்ன என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பினாள். சவால்களுக்கு ஐந்து வரி விட்டிருந்தாள். எழுதத் தொடங்கி மூன்றாவது வரியில் பேனாவை மூடிவிட்டேன். சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கவேண்டும். பேசாமல் இருந்து நான் ஏற்கெனவே போதிய கெடுதல் செய்திருக்கிறேன்.

நான் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். எண்பதுகளின் கடைசியில் இத்தாலியில், சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்தேன். முதல் ஆறு வருடமும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டில் வேலை. அந்தச் சிஞ்ஞோராவுக்கு மனிதரைத் திருத்தாமல் இருக்கத் தெரியாது. நான் வாளியோடு நடக்கும்போதே ஒரு வினைச்சொல் பிழைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். வாளி கனக்கும், எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலில்தான் என் இத்தாலியன் வளர்ந்தது. அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் ஆட்கள் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் தலைமையகத்துக்கு, போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் அங்கே யன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரியோடு நான் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தன் மாணவன் ஒருவனைக் கூட்டிவந்திருந்த ஒரு பெண்மணி என் தோளைத் தட்டி, எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார். அவர்தான் தெரேசா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு அப்போதுதான் இயக்குநராக வந்திருந்தார்.

தெரேசா வந்தபோது அலுவலக அலுமாரி ஒன்றில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மின்வேலை, தையல், சமையல் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்திருந்தார்கள். ஒன்றுக்கும் பதில் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது பழைய எழுதுவினைஞர், “அவர்களுக்குத்தான் வீட்டுவேலை இருக்கிறதே” என்றாராம். அதைக் கேட்டுவிட்டுத் தெரேசா அந்தக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவருக்கும் தன் கையால் கடிதம் எழுதினார். பதில் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள், இன்னும் விருப்பம் இருந்தால் வாருங்கள் என்று எழுதினார். வந்தவர்களிடம் உங்களுக்கு எப்போது நேரம் என்று கேட்டார். வீட்டுவேலை செய்யும் எல்லோருக்கும் இந்த ஊரில் வியாழன் பின்னேரம் ஓய்வு. ஆகவே வகுப்புகளை வியாழன் பின்னேரத்துக்கு மாற்றினார். இப்போது இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் இருக்கின்றன. அன்றைக்கு ஒரு கட்டுக் கடிதமும் ஒரு வியாழக்கிழமையும்தான் இருந்தன.

என்னை மொழிபெயர்ப்புக்கு எடுத்தார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது மூன்று பின்னேரம். தெரேசா எதிரே உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டே மூன்று விதி சொன்னார். அவர்கள் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும், ‘அவர் சொல்கிறார்’ என்ற பேச்சே கிடையாது. முழுவதையும் கேட்டபிறகுதான் வாயைத் திறக்கவேண்டும். எழுதிய எதையும் அவர்கள் மொழியில் திரும்ப வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக்கூடாது. முதலாவது விதி எனக்கு வெகு சுலபமாகத் தெரிந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த முறைப்பாட்டையும் தன் அறையில் வைத்துக் கேட்கமாட்டார். எங்கே நடந்ததோ அங்கே எழுந்து போவார். சம்பந்தப்பட்ட எல்லோரையும் அங்கே நிறுத்திவைத்துக் கேட்பார். முதல் மாதமே அதைப் பார்த்தேன். எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். அலுவலகத்தில் அதையே ஆளின் பெயராகப் பதிந்துவிட்டார்கள். வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிட்டபோது, போன வருடம்தான் ஷெல்லடியில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பெண் அவருடைய பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து நின்றாள், பதில் சொல்ல முடியவில்லை. தெரேசா எழுதுவினைஞரை இடாப்போடு வகுப்புக்கு வரச்சொன்னார். ஒவ்வொருவருக்கும் முன்னால் அவர் குனிந்து நின்று, உங்களை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று கேட்டு எழுதவேண்டியதாயிற்று. பன்னிரண்டு பேர் முடியும்போது அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் பெயர்களைப் பிழைவிட்டதில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரும் சமையல் வகுப்பு. ஏழு பேர் எங்கள் ஆட்கள், மற்றவர்கள் சிசிலியப் பெண்கள். படிப்பித்தவர் நீனோ. பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனம். கப்பல்களில் சமைத்தவர். ஏழு பேரில் மூத்தவர் இராசமலர், நாற்பத்திரண்டு வயது. கோப்பாய்ப் பக்கம். நான் மலரக்கா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். கணவர் இறந்தபிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் கொழும்பில் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தவர். மூத்தவளுக்கு அப்போது பதினேழு, இளையவளுக்குப் பன்னிரண்டு.

பிள்ளைகளை இத்தாலிக்கு எடுப்பிப்பதென்றால் நிரந்தர வேலையும் இருக்க வீடும் காட்டவேண்டும். மலரக்கா வேலை செய்த வீட்டில் அவருக்கு ஓர் ஒடுங்கிய அறை, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத எசமானி. ஆனால் பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு முதியோர் இல்லத்துக்குச் சமையலாள் தேவைப்பட்டது. வேலைக் கடிதமும் தருவார்கள், தோட்டத்துப் பக்கம் இரண்டு அறை வீடும் தருவார்கள். ஒரேயொரு நிபந்தனை, சான்றிதழ் வேண்டும். ஜூனில் பரீட்சை. செப்டெம்பர் கடைசியில் மூத்தவளுக்குப் பதினெட்டு முடிகிறது. முடிந்தால் அவளைப் பிள்ளை என்ற கணக்கில் சேர்க்கமாட்டார்கள், இளையவள் மட்டும்தான் வரலாம். மலரக்கா அந்தத் திகதியை ஒருநாளும் வாயால் சொல்லமாட்டார். வகுப்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

வகுப்பு முடியும் நேரம் நீனோ பெரிய மேசையில் விரிப்பு விரித்து, அன்றைக்குச் சமைத்ததை எல்லோரும் இருந்து சாப்பிடவேண்டும் என்பார். சமைத்தவன் சாப்பிடாத சாப்பாடு யாருக்கு என்று கேட்பார். எங்கள் ஏழு பேரும் மெதுவாக நழுவி, வெளிப்படிகளில் இருந்து தாங்கள் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை அவிழ்ப்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். நீனோ சட்டிக்குள் மர அகப்பையை விட்டுத் துழாவுவார், வாயில் வைத்துச் சுவை பார்ப்பார், கண்ணை மூடி ரசிப்பார், அதே அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விட்டுத் துழாவுவார். அது எச்சில். எச்சில் பட்ட சட்டியில் எங்கள் ஆட்கள் கைவைப்பார்களா?

நீனோ என்னிடம், “ஜெசிந்தா, ஏன் இவையள் என்ர மேசைக்கு வருகினமில்லை?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது? “இண்டைக்கு விரதம்” என்றேன். அடுத்த வியாழனும் கேட்டார். சஷ்டி என்றேன். அதற்கடுத்தது ஏகாதசி. பிறகு பிரதோஷம். ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவப் பெண் நான். இந்துக்களின் பஞ்சாங்கத்தை அவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னும் பின்னும் புரட்டியதில்லை. கடைசியில் நீனோ கையை விரித்து, “இந்தச் சனம் எந்தக் கிழமையிலைதான் சாப்பிடும்?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மனத்தில் நொந்துபோயிருந்தார். தன் சமையலை மதிக்காத பெருமைக்காரர்கள் என்று நினைக்கத் தொடங்கியிருந்தார். எங்கள் ஏழு பேருக்கும் வெட்டுகிற வேலையும் கழுவுகிற வேலையும் கூடிக்கொண்டே போயின. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மேசைக்கு வராதவர்களை மனிதர் மெல்ல மெல்லத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆணைக்குழு வந்தது. மூன்று பேர். தலைவர் மெலிந்த, மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர், ஒரு பலகையில் தாளைச் செருகிக்கொண்டு அடுப்படிகளுக்கு இடையில் நடந்தார். மலரக்காவுக்கு விழுந்தது கப்பொனாத்தா. கத்தரிக்காயைப் பொரித்து, தக்காளி, வினாகிரி, சீனி சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாக இறக்குகிற இந்த ஊர்க் கறி. கத்தரிக்காய் விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. கோப்பாய்ப் பெண்ணுக்குக் கத்தரிக்காயை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வினாகிரி விட்டுக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டபின், மலரக்கா அகப்பையை இடக்கைக்கு மாற்றினார். வலது உள்ளங்கையில் மேலிருந்து ஒரு சொட்டு விட்டார். அகப்பை கையில் படவில்லை. அந்தச் சொட்டை நாக்கால் எடுத்து, ஒரு கணம் நின்று யோசித்து, இன்னும் கொஞ்சம் சீனி போட்டார். பிறகு குழாயைத் திறந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தார். எங்கள் வீடுகளில் உப்புப் பார்ப்பது இப்படித்தான். வீட்டில் நானும் இப்படித்தான்.

தலைவர் அந்தச் சொட்டை நாக்கு எடுத்ததை மட்டும் பார்த்தார். கழுவும்போது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: “இவ ஏன் கையை நக்குறா? இஞ்சை கரண்டி இல்லையோ?”

குசினியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிசிலியப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டன. விதிப்படி நான் செய்யவேண்டியது ஒன்றுதான், கேள்வியை மலரக்காவிடம் தமிழில் கேட்டு, அவர் சொல்வதை ‘நான்’ என்று இத்தாலியனில் சொல்லவேண்டும். நான் மலரக்காவிடம் கேட்கவேயில்லை. “மன்னிக்கவேணும், பதட்டத்திலை மறந்திட்டா, இனிச் செய்யமாட்டா” என்று நானே சொன்னேன். வெட்கம்தான் காரணம். வேறு நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்களும் கரண்டியால் சாப்பிடுகிற நாகரிகக்காரர்கள் என்று அந்த மனிதருக்குக் காட்டிக்கொள்ள எனக்கு அவசரம்.

பிழையை ஒப்புக்கொண்டாயிற்று என்று அவர் எழுதினார். அந்தத் தாளில் நான்கு நிரல். மற்ற மூன்றிலும் மலரக்காவுக்கு நல்ல புள்ளி. நான்காவது சுகாதாரம். அதில் ‘தகுதியில்லை’. சுகாதாரத்தில் தவறினால் மற்றதெல்லாம் செல்லாது. ஏழு பேரில் ஆறு பேர் சித்தியடைந்தார்கள். அவர்களும் உள்ளங்கைக்காரிகள்தான், தலைவர் பார்க்கும்போது சுவை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முடிவை வாசித்துக் காட்டுவதும் என் வேலையாகவே இருந்தது. வாசித்தேன். மலரக்கா அழவில்லை. “சுகாதாரம் எண்டால்?” என்று கேட்டார்.

“துப்பரவு, அக்கா.”

“அப்ப நான் ஊத்தை எண்டு எழுதியிருக்கினம்.”

அவர் கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் பதினைந்து வருடமாகப் பிறர் வீட்டைத் துப்பரவாக்கிப் பிழைத்தவர், முதலில் கொழும்பில், பிறகு இங்கே.

அடுத்த நாள் தெரேசாவின் அறைக்குப் போய், இதில் ஏதோ பிழை நடந்திருக்கிறது, பார்க்கவேண்டும் என்றேன். என் பங்கை அப்போதும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இஞ்சை வேண்டாம், குசினிக்கு வா” என்றார். மலரக்காவையும் நீனோவையும் வரவழைத்தார். எங்கள் மூவருக்கும் ஏப்ரன் தந்தார், தானும் கட்டிக்கொண்டார். அடுப்பை மூட்டி, இரண்டு சட்டி வைத்து, நீனோவும் மலரக்காவும் ஆளுக்கொரு கப்பொனாத்தா சமைக்கட்டும், வழமையில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றார். தான் ஒரு மூலையில் கொப்பியோடு நின்றார்.

இருவரும் சமைத்தார்கள். நீனோ அகப்பையை வாயில் வைத்தார், சட்டிக்குள் விட்டார். மலரக்கா கையில் ஒரு சொட்டு விட்டார், சுவைத்தார், போய்க் கழுவினார். தெரேசா அந்தக் கழுவலையும் எழுதினார்.

“சிஞ்ஞோரா, நீங்கள் நீனோ சமைக்கேக்கை என்ன கண்டியள்?” என்று தெரேசா மலரக்காவிடம் கேட்டார். இந்தமுறை நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன்.

மலரக்கா தலையைக் குனிந்தார். “அவர் படிப்பிச்ச வாத்தியார். நான் சொல்லக்கூடாது.”

“சொல்லத்தான் வேணும்” என்றார் தெரேசா.

“வாயிலை வச்ச அகப்பையைத் திருப்பிச் சட்டிக்குள்ளை விடுறார். ஒரு வருசமாப் பாக்கிறன். அது எச்சில். ஒருத்தற்ற வாய் பட்டது அவருக்கு மட்டும்தான். அதை நான் என்ர பிள்ளையளுக்கும் குடுக்கமாட்டன், எனக்கும் வேண்டாம்.”

எச்சில் என்பதை இத்தாலியனில் சொல்ல எனக்கு மூன்று வாக்கியம் பிடித்தது. ஆனால் முழுவதையும் ‘நான்’ என்றே சொன்னேன். நீனோவின் முகம் கழுத்துவரை சிவந்தது. கையிலிருந்த அகப்பையை அவர் முன்பின் கண்டிராத பொருளைப் போலப் பார்த்தார். “அப்ப ஒரு வருசமா இவையின்ரை கண்ணுக்கு நான்தான் ஊத்தையோ?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்ப அந்தச் சஷ்டி?”

“சஷ்டி இல்லை” என்றேன்.

“ஏகாதசி?”

“அதுவும் இல்லை.”

அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “என்ர அம்மா இப்பிடித்தான் சமைச்சவ” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

தெரேசா கொப்பியின் பக்கத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஆணைக்குழுவின் குறிப்பு அவர் கையில் இருந்தது. “பதட்டத்திலை மறந்திட்டன் எண்டு பரீட்சார்த்தி ஒப்புக்கொண்டதா இதிலை கிடக்கு. இது அவ சொன்னதோ, நீ சொன்னதோ?”

அந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டிருந்த அளவுக்கு வேறெதற்கும் பயந்ததில்லை. “நான் சொன்னது” என்றேன். “அவவைக் கேக்கவேயில்லை. எனக்கு வெக்கமா இருந்தது.”

தெரேசா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டே நான் பார்த்ததில்லை. “இதை அவவின்ரை பாஷையிலை அவவுக்குச் சொல்லு” என்றார்.

சொன்னேன். பக்கத்தில் நிற்கிற மனுசியிடம், நான்தான் உங்களைக் குற்றவாளி ஆக்கினேன் என்று மொழிபெயர்த்தேன். முதலாவது விதி எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் விளங்கியது. ‘நான்’ என்று சொல்லும்போது அது உண்மையிலேயே நானாக இருந்தது.

மலரக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “பிள்ளை, அது எனக்கு அண்டைக்கே விளங்கினது. அவ்வளவு இத்தாலியன் எனக்குத் தெரியும்.”

“பின்னை ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னால் உன்னை நிப்பாட்டிப்போடுவினம். பிறகு எங்களுக்கு ஆர் கதைக்கிறது?”

மலரக்கா என்ன சொன்னார் என்று தெரேசா கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். இரண்டு தரம் தொடங்கவேண்டியிருந்தது. இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு அந்த மனுசியில் கோபம் வருகிறது. தன் பிள்ளைகளின் வரவை வைத்து அவர் என் வேலையைக் காப்பாற்றினார். அப்படி ஒருவர் செய்யக்கூடாது.

தெரேசா அன்று தீர்மானித்ததைச் சொல்கிறேன். பொதுக் குசினியில் கையை நக்குவதும் இல்லை, வாய்பட்ட அகப்பை சட்டிக்குப் போவதும் இல்லை. இரண்டு கரண்டி. ஒன்றால் எடுத்து, மேலிருந்து மற்றதில் விடவேண்டும். மற்றது வாய்க்குப் போய், அங்கிருந்து கழுவத் தொட்டிக்குப் போகவேண்டும். நீனோ அதைத் தன் கையால் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார். பிறகு தெரேசா அறிக்கை எழுதினார். ஒரு வருடப் பயிற்சியில் சுவை பார்க்கும் முறையை இந்த நிறுவனம் ஒருநாளும் படிப்பிக்கவில்லை, எல்லோரும் தங்களைப் போலவே என்று நினைத்துக்கொண்டது, பிழை நிறுவனத்தினுடையது, மொழிபெயர்ப்பும் பிழைத்தது என்று எழுதினார். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மலரக்காவுக்கு முன்னால் நேராக நின்று, “சிஞ்ஞோரா, உங்களிட்டை நிறுவனத்தின்ரை சார்பிலை மன்னிப்புக் கேக்கிறன்” என்றார். நான் அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

மலரக்கா கவனமாகக் கேட்டார். “எல்லாம் சரி. அந்த வரியை வெட்டுவினமோ?”

“அது ஆணைக்குழுவின்ரை தாள். என்னாலை வெட்டேலாது. என்ர தாளை அதோடை சேர்த்துத் தைக்கலாம், திருப்பிப் பரீட்சை வைக்கச் சொல்லிக் கேக்கலாம்.”

“கேளுங்கோ” என்றார் மலரக்கா. நீனோ எழுந்து, மலரக்கா சமைத்ததை ஒரு தட்டில் போட்டு, இரண்டு கரண்டி எடுத்து, சுவை பார்த்தார். தன்னுடையதையும் பார்த்தார். இவவின்ரைதான் திறம் என்றார். அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இதுவரைக்கும் உள்ளதைத்தான் படிவத்தில் வெற்றி என்ற பகுதியில் எழுதலாம். மிச்சத்துக்குப் பகுதி இல்லை. ஜூலையில் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குத் தெரேசா மூன்று தரம் போனார். இரண்டு தரம் நானும் கூடப் போனேன். பார்க்கிறோம் என்றார்கள். ஓகஸ்ட் விடுமுறையில் பலேர்மோவில் காகம்கூட வேலை செய்யாது. தெரேசா பகேரியாவுக்கு ரயில் ஏறிப்போய், தன் அறிக்கையைக் காட்டி, தற்காலிகமாகவாவது வேலைக் கடிதம் தாருங்கள் என்று கன்னியாஸ்திரிகளிடம் கேட்டார். வயோதிபர் இல்லம், சான்றிதழ் இல்லாத சமையலாளை வைத்தால் இல்லத்தையே மூடச் சொல்வார்கள் என்றார் தலைமைச் சகோதரி. அவர் பொய் சொல்லவில்லை. இடத்தை மட்டும் மலரக்காவுக்காக வைத்திருந்தார்.

செப்டெம்பரில் அலுவலகம் திறந்ததும் மறுபரீட்சைக்குத் திகதி தந்தார்கள். ஒக்டோபர் தொடக்கம். நான் அந்தக் கடிதத்தைக் கொண்டு மலரக்காவின் எசமானி வீட்டு வாசலுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அவர் கையைச் சீலைத்தலைப்பில் துடைத்துக்கொண்டு கேட்டார். திகதியைத் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “சரி பிள்ளை, வாறன்” என்றார்.

மறுபரீட்சைக்கு அதே தலைவர் வந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கு நிரலிலும் உயர்ந்த புள்ளி. அவர் மலரக்காவுக்குக் கைகொடுத்தார். தாளை நான் வாசித்துக் காட்டினேன். நீனோ மேசையில் விரிப்பு விரித்தார். எங்கள் மற்ற ஆறு பேரும், சிசிலியப் பெண்களும் வந்திருந்தார்கள். முதல் தடவையாக எல்லோரும் ஒரே மேசையில் இருந்தோம். மலரக்கா சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். பிறகு சான்றிதழைக் கையில் எடுத்து, கீழே திகதி போட்ட இடத்தில் விரலை வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பன்ரண்டு நாள்” என்றார்.

மூத்தவளுக்குப் பதினெட்டு முடிந்து பன்னிரண்டு நாள்.

இளையவள் அடுத்த சித்திரையில் வந்தாள். மலரக்கா பகேரியாவில் பத்தொன்பது வருடம் சமைத்தார். தெரேசா இளைப்பாறும்வரை பயிற்சிக் குசினிகளில் இரண்டு கரண்டி முறை இருந்தது, இப்போதும் இருக்கிறதாம், யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் அதன்பிறகு ஒரு வாக்கியமேனும் என் பாட்டில் சேர்த்ததில்லை. மூத்தவள் கொழும்பிலேயே இருந்தாள். சித்தப்பன் முறையான ஒருவர் பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கலியாணத்துக்கு மலரக்காவால் போக முடியவில்லை, அந்த நேரம் அவருடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. படங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பிள்ளை நல்ல வடிவு என்றேன்.

சில வருடங்களுக்கு முன் இளையவளின் கலியாணம் இங்கே பலேர்மோவில் நடந்தது. மூத்தவள் விருந்தாளி விசாவில் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் நேரில் கண்டு இருபது வருடத்துக்கு மேல். மண்டபத்தில் மலரக்கா அவளுடைய கையைப் பிடித்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

“இவதான் ஜெசிந்தா அன்ரி” என்றார்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அம்மா உங்களைப் பற்றிக் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவா அன்ரி. எங்களை எடுப்பிக்கிறதுக்கு நீங்கள்தான் எல்லா இடமும் நிண்டு கதைச்சனீங்களாம். நாங்கள் உங்களை மறக்கமாட்டம்.”

மலரக்கா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று பார்த்தாரா, சொல்லு என்று பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. நான் அந்தப் பிள்ளையின் கையைத் தட்டிக்கொடுத்து, “சாப்பிட்டியா மகள்?” என்று கேட்டேன்.